தாமதத்தின் விலை யார் தலையில்?

— இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (கணிதம்) மாணவன்

1903ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17ஆம் நாள். அமெரிக்க நாட்டின் வட கரோலினாக் கடற்கரையில், மணல்மேடுகளுக்கு நடுவே, ரைட் சகோதரர்கள் செய்த பொறி ஒன்று ஆளைச் சுமந்துகொண்டு தரையை விட்டு எழும்பியது. பன்னிரண்டு வினாடி, 120 அடி. விசைப்பொறியின் துணையால் மனிதன் பறந்த முதற்பறப்பு அவ்வளவே.

அதற்குப் பின் முப்பது ஆண்டுகூட ஆகவில்லை. 1932ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஒரு சிறிய விமானத்தில் தபால் மூட்டையை ஏற்றிக்கொண்டு பறந்தார். அந்த மூட்டை பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாக நம் சென்னைக்கும் வந்து சேர்ந்தது. வழிகாட்டும் வானொலிக் கருவி கிடையாது. இன்றுள்ளதுபோல் கல்லும் தாரும் இட்ட ஓடுபாதை கிடையாது. ஆயினும் முதல் ஓராண்டு முழுவதும், மழைக்காலம் உட்பட, அந்தத் தபால் விமானம் நூற்றுக்கு நூறு நேரந்தவறாமல் சென்றது என்று அன்றைய அரசின் வான்போக்குவரத்துத் துறையே பாராட்டியது.

அன்று கடிதமூட்டைக்குக் கிடைத்த மரியாதை, இன்று மனிதனுக்கும் அவன் மூட்டைக்கும் கிடைக்கிறதா? இதுவே நான் கேட்க விரும்பும் கேள்வி.

இது பணக்காரர் கவலையா?

அன்பு நண்பர்களே! பெருமதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களே! "பேருந்துக்கே சில்லறை தேடும் நமக்கு விமானத் தாமதத்தைப் பற்றி என்ன கவலை?" என்று நீங்கள் சிரிக்கக்கூடும். நம்மில் பலர் விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி என்பதும் உண்மைதான். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். திருச்சிராப்பள்ளி விமான நிலையத்தில் உள்நாட்டுப் பயணிகளைவிட வெளிநாட்டுப் பயணிகளே அதிகம். 2024ஆம் ஆண்டில் அங்கே புதிய முனையம் திறக்கப்பட்டது யாரை நம்பி? கோட்டும் சூட்டும் போட்ட முதலாளிகளை மட்டும் நம்பியா? இல்லை. சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் துபாய்க்கும் ஷார்ஜாவுக்கும் போகும் கொத்தனாரையும் வெல்டரையும் ஓட்டுநரையும் சமையற்காரரையும் நம்பித்தான்.

நம் வகுப்பறையையே எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணனோ, மாமாவோ, சித்தப்பாவோ கடல் கடந்து உழைக்காத வீடு எத்தனை? நாளைக்கு நம்மிலும் சிலர் மேற்படிப்புக்கோ வேலைக்கோ போகப் போகிறவர்கள்தாம். வசதி படைத்தவனுக்கு விமானம் ஆண்டுக்கு ஆறு முறை ஏறி இறங்கும் வாகனம். ஒரு நாள் தாமதமானால் அவன் விடுமுறையில் ஒரு நாள் குறையும். ஏழைக்கோ அது வாழ்க்கையில் ஒரே ஒரு முறை திறக்கும் கதவு. நகையை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கி, ஏஜெண்டிடம் கொடுத்து, விசாவுக்குக் காத்திருந்து, பிறகு கையில் வந்த டிக்கெட் அது. அதில் அச்சிட்ட நேரம் தவறினால் அவனுடைய வேலையே தவறிப் போகலாம்.

மாணவர் நிலையும் அப்படியே. அமெரிக்காவில் படிக்கச் செல்லும் மாணவன் மாணவர் விசாவில் வகுப்பு தொடங்குவதற்கு முப்பது நாள்களுக்கு முன்னால் அந்நாட்டிற்குள் நுழைய முடியாது. வகுப்பு தொடங்கும் நாளுக்குள் போய்ச் சேர்ந்தாகவும் வேண்டும். இந்தக் குறுகிய சந்துக்குள்தான் அவன் பயணம் நடக்கிறது. விமான நிறுவனத்தின் கணக்கில் "தாமதம், ஐந்து மணி நேரம்" என்று ஒரு வரியில் முடிந்துபோவது, பயணியின் கணக்கில் எங்கே போய் முடியும் என்பதை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

தாமதம் எப்படிப் பிறக்கிறது?

தாமதங்கள் எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுப்பது நீதியாகாது. இயற்கையால் வரும் தாமதம் ஒரு வகை. 2015ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் நாள்கணக்கில் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் ஓடுபாதையில் நீர் தேங்கி நிலையம் மூடப்பட்டது. 2010ஆம் ஆண்டு ஏப்ரலில் ஐஸ்லாந்து நாட்டு எரிமலை கக்கிய சாம்பலால் ஐரோப்பிய வானமே பல நாள் அடைபட்டது. இவற்றுக்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. இயந்திரத்தில் ஐயம் வந்தால் பறக்காமல் நிற்பதும் சரியே. தாமதமாகப் போய்ச் சேர்வது, போய்ச் சேராமலே இருப்பதைவிட மேலன்றோ!

இரண்டாவது வகை வேறு. குறைந்த கட்டணத்தில் இயங்கும் விமானம் ஒன்று ஒரே நாளில் பல ஊர்களுக்குப் போய்வருகிறது. இறங்கியதற்கும் மறுபடி ஏறுவதற்கும் இடையே அரை மணி, முக்கால் மணி நேரம்தான் ஒதுக்குகிறார்கள். தரையில் நிற்கும் விமானம் காசு தராது என்பது அவர்கள் கணக்கு. ஆகவே காலையில் டெல்லி மூடுபனியில் ஒரு மணி நேரம் நின்ற விமானம், அந்தத் தாமதத்தை ஊர் ஊராகச் சுமந்துகொண்டு இரவில் சென்னைக்கு வருகிறது. கணிதத்தில் ஒரு தொடரின் முதல் உறுப்பில் பிழை இருந்தால் அது அடுத்தடுத்த உறுப்புகளுக்கும் பரவுவதை நாம் பார்த்திருக்கிறோம். இடைவெளி சிறிதும் விடாமல் தொடரை அமைத்தவன், "மூடுபனிதான் காரணம்" என்று கைகழுவ முடியுமா?

2025ஆம் ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில் நாடே இதைக் கண்டது. விமானிகளின் வேலை நேரத்தையும் ஓய்வு நேரத்தையும் ஒழுங்குபடுத்தும் புதிய விதிகளின் இறுதிப் பகுதி அதற்கு முந்தைய நவம்பர் முதல் நாளில் நடைமுறைக்கு வந்தது. அந்த விதிகள் திடீரென்று வானத்திலிருந்து விழவில்லை. 2024 ஜனவரியிலேயே வெளியானவை. ஆயினும் நாட்டின் மிகப் பெரிய விமான நிறுவனமான இண்டிகோவிடம் அதற்கேற்ற விமானி ஏற்பாடு இல்லை. டிசம்பர் 5ஆம் நாள் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணங்கள் இரத்தாயின. நிலையங்களில் பெட்டிகள் மலைபோல் குவிந்து கிடந்தன. பயணிகளிடமிருந்து பிரிந்த பெட்டிகளை 48 மணி நேரத்துக்குள் தேடிச் சேர்ப்பிக்க வேண்டும் என்று அரசே ஆணையிட வேண்டி வந்தது. களைத்த விமானி ஓட்டக்கூடாது என்ற விதி நல்ல விதி. அந்த நல்ல விதிக்குத் தயாராகாதது யார் குற்றம்? விலை கொடுத்தது யார்?

பெட்டியின் பயணம்

விமான நிலையத்துக் கவுண்ட்டரில் நம் பெட்டியில் ஒட்டும் நீண்ட சீட்டில் பத்து இலக்க எண் ஒன்று இருக்கும். அதுதான் பெட்டியின் பெயர், முகவரி, சாதகம் எல்லாம். அங்கிருந்து நகரும் பட்டையில் ஏறி, எக்ஸ்-கதிர்ச் சோதனைக்கு உட்பட்டு, ஊர்வாரியாகப் பிரிக்கப்பட்டு, இழுவண்டியில் ஏறி விமானத்தின் வயிற்றுக்குள் போகிறது. சீட்டு கிழிந்தால் பெட்டி அநாதை. எடை மிகுந்துவிட்டது என்று கடைசி நேரத்தில் இறக்கினால் பெட்டி பின்தங்கும். வழியில் விமானம் மாறவேண்டியிருந்து முதல் விமானம் தாமதமானால், மனிதன் ஓடிப் போய் அடுத்ததைப் பிடித்துவிடுவான். பெட்டியால் ஓட முடியாது.

உலக விமான நிலையங்களுக்கு இத்துறைத் தொழில்நுட்பம் வழங்கும் சீட்டா நிறுவனத்தின் அறிக்கைப்படி, 2007ஆம் ஆண்டில் ஆயிரம் பயணிகளுக்கு 18.88 பெட்டிகள் தவறின. 2024ஆம் ஆண்டில் அது 6.3 ஆகக் குறைந்திருக்கிறது. முன்னேற்றம்தான்; மறுக்கவில்லை. பெட்டியைப் பயணியிடம் பெறும்போது, விமானத்தில் ஏற்றும்போது, மாற்றும்போது, திருப்பித் தரும்போது ஆகிய நான்கு இடங்களிலும் அதன் தடத்தைப் பதிய வேண்டும் என்று பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கம் 2018ஆம் ஆண்டு ஜூன் முதல் விதித்திருப்பது இதற்கு உதவியது. ஆனால் கணித மாணவனாகிய நான் அந்த 6.3ஐ 180 இருக்கைகள் கொண்ட ஒரு விமானத்துக்குப் பெருக்கிப் பார்த்தேன். சராசரியாக, நிறைந்த விமானம் ஒன்றுக்கு ஒரு பெட்டிக்குச் சற்று அதிகம்! மேலும் தவறும் பெட்டிகளில் 41 விழுக்காடு, வழியில் விமானம் மாறும்போது தவறுபவை. நேர் விமானத்துக்குக் காசில்லாமல், மலிவு விலையில் இரண்டு விமானம் மாறிப் போகிறவன் யார்? நம் வீட்டுப் பிள்ளைதான். ஆக, சராசரி எல்லார்க்கும் பொது; ஆபத்தின் பெரும்பங்கு ஏழைக்கு.

உரியவர் தெரியாமல் போகும் பெட்டிகளுக்கு என்ன கதி? அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து ஸ்காட்ஸ்பரோ என்னும் ஊரில், அப்படிப்பட்ட பெட்டிகளை விமான நிறுவனங்களிடமிருந்து விலைக்கு வாங்கி உள்ளிருப்பவற்றை விற்கும் கடை ஒன்று 1970ஆம் ஆண்டு முதல் நடக்கிறது. ஒருவன் தொலைத்தது இன்னொருவனுக்குச் சரக்கு!

1985ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் அட்லாண்டிக் கடல்மீது கனிஷ்கா விமானம் குண்டுவெடித்து 329 உயிர்கள் மாண்டன. ஏறாத பயணியின் பெட்டி ஒன்று அதில் ஏறியிருந்ததே காரணம். அதன் பின் ஆள் ஏறாவிட்டால் அவன் பெட்டியைத் தேடி இறக்கும் முறை உலகெங்கும் வலுப்பட்டது. உயிர் காக்கும் முறை அது. அதனால் வரும் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் ஒன்று தெளிவாகிறது. எந்தப் பெட்டி யாருடையது, அது எங்கே இருக்கிறது என்று அறியும் ஆற்றல் இவர்களுக்கு இருக்கிறது. ஆளில்லாத பெட்டியைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்களுக்குப் பெட்டியில்லாத ஆளைக் கண்டுபிடிக்கத் தெரியாதா?

எங்கள் வீட்டில் நடந்தது

என் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஏற வைத்தது அண்ணன் வளைகுடா நாட்டிலிருந்து அனுப்பும் பணம். அண்ணன் ஐ.டி.ஐ.யில் வெல்டர் படித்தவர். முதன்முறை அவர் புறப்பட்டபோது வழியில் ஓர் ஊரில் விமானம் மாற வேண்டும். கவுண்ட்டரில் இருந்தவர், கைப்பை ஏழு கிலோவுக்கு மேல் இருக்கிறது என்று சொல்லி அதையும் வாங்கிப் பெட்டியோடு உள்ளே அனுப்பிவிட்டார். சான்றிதழ்கள் அந்தப் பைக்குள் இருக்கின்றன என்று அண்ணன் சொன்னார்; வரிசையில் பின்னால் ஆள் நிற்பதாகப் பதில் வந்தது.

முதல் விமானம் நான்கு மணி நேரம் தாமதம். மாறவேண்டிய ஊரில் அடுத்த விமானம் போய்விட்டது. ஒரு குவளைத் தண்ணீர் தவிர யாரும் எதுவும் தரவில்லை. இரவு முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்திருந்து மறுநாள்தான் போய்ச் சேர்ந்தார். அழைத்துப் போக வந்த கம்பெனி வண்டி முந்தைய நாளே திரும்பிப் போயிருந்தது. பெட்டியும் பையும் வரவில்லை. ஆங்கிலத்தில் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "வந்ததும் சொல்லியனுப்புவோம்" என்றார்கள்.

சான்றிதழைக் காட்டாமல் வெல்டர் வேலை தர முடியாது என்றார் மேற்பார்வையாளர். பதினொரு நாள் அண்ணன் ஹெல்ப்பராகக் கம்பி சுமந்தார். கூலியும் ஹெல்ப்பர் கூலிதான். அறைத் தோழரிடம் கடன் வாங்கிச் சட்டையும் வேலைக்குரிய காலணியும் வாங்கினார். பதினோராம் நாள் பெட்டி வந்தது, பூட்டு உடைந்த நிலையில். தொலைபேசியில் அண்ணன் சொன்னபோது அம்மா இட்டு அனுப்பிய பொடியைப் பற்றியோ துணியைப் பற்றியோ கேட்கவில்லை. "தம்பி, சர்டிபிகேட்டு நனையாம இருக்கா?" என்றுதான் கேட்டார். எழுதப் படிக்கத் தெரியாத என் தாய்க்கு, அந்த வீட்டிலேயே விலை மதிப்புள்ள பொருள் எது என்று தெரிந்திருந்தது.

ஹெல்ப்பர் கூலியும் வெல்டர் கூலியும் வேறு வேறு. அந்தப் பதினொரு நாள் வேறுபாட்டை, கடன் வாங்கிய காலணிக் காசை, உடைந்த பூட்டை யார் ஈடு செய்தார்? ஒருவரும் செய்யவில்லை. கேட்கலாம் என்று ஒருவரும் சொல்லவும் இல்லை. கேட்கலாம் என்பது எங்களுக்குத் தெரிந்தபோது ஆறு மாதம் ஓடிவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டம் இல்லாமல் இல்லை. 1999ஆம் ஆண்டில் மாண்ட்ரியல் நகரில் நாடுகள் கூடி ஓர் உடன்படிக்கை செய்தன. 2009ஆம் ஆண்டில் இந்தியா அதில் இணைந்தது. வளைகுடா நாடுகளும் சிங்கப்பூரும் மலேசியாவும் அதில் உள்ளன. அதற்கு முன் 1929ஆம் ஆண்டின் வார்சா உடன்படிக்கைப்படி பெட்டியைத் தராசில் வைத்து, கிலோவுக்கு இவ்வளவு என்று ஈடு கணக்கிட்டார்கள். புத்தகம் நிறைந்த பெட்டியும் கல் நிறைந்த பெட்டியும் அங்கே ஒன்று! மாண்ட்ரியல் உடன்படிக்கை எடையை விட்டு ஆளை எண்ணியது. பெட்டி தொலைந்தாலோ, சிதைந்தாலோ, தாமதமானாலோ ஒரு பயணிக்கு இவ்வளவு வரை என்று உச்ச அளவு வைத்தது. 2024 டிசம்பர் 28 முதல் அந்த உச்சம், பன்னாட்டு நிதியத்தின் கணக்கலகில் 1,519. நம் பணத்தில் ஒன்றே முக்கால் இலட்சம் ரூபாய் அளவில் வரும்.

கேட்க எவ்வளவு இனிமையாக இருக்கிறது! ஆனால் கதவுக்குள் கதவாக நிபந்தனைகள். பெட்டி சிதைந்திருந்தால், கைக்கு வந்த ஏழு நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தாமதமாக வந்தால், வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் எழுத வேண்டும். வரவேண்டிய நாளிலிருந்து 21 நாள் ஆகியும் வராவிட்டால் தொலைந்ததாகக் கொண்டு ஈடு கேட்கலாம். வழக்குப் போட இரண்டு ஆண்டு. எழுத்தில் புகார் தராமல் அந்தக் கெடு தாண்டினால் வழக்கே கிடையாது. கணக்கும் இரசீதும் காட்டி இழப்பை மெய்ப்பிக்கவும் வேண்டும். சந்தையில் வாங்கிய சட்டைக்கு இரசீது எங்கே? அறிவிக்கப்படாத உரிமை, பூட்டிய பெட்டிக்குள் இருக்கும் பணம், சாவி அவர்களிடம்.

தாமதத்தைப் பற்றியும் பார்ப்போம். நம் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2010ஆம் ஆண்டில் விதிகளை வகுத்துப் பின்னர்த் திருத்தியும் உள்ளது. பயண நேரத்தைப் பொறுத்து இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும். 24 மணி நேரத்துக்கு மேலானாலோ, இரவு 8 மணிக்கும் விடியற்காலை 3 மணிக்கும் இடையே புறப்பட வேண்டிய விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலோ தங்குமிடம் தர வேண்டும். உரிய முன்னறிவிப்பின்றி இரத்துச் செய்தால் அதிக அளவாகப் பத்தாயிரம் ரூபாய் வரை ஈடு உண்டு. வெறும் தாமதத்துக்கு ரொக்க ஈடு இந்த விதிகளில் இல்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள விதி, தொலைவைப் பொறுத்து 250, 400, 600 யூரோ என்று ஈடு தருகிறது. முதலில் தாமதத்துக்கு இல்லை என்றிருந்ததை, மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகச் சேர்ந்தவர்க்கும் உண்டு என்று 2009ஆம் ஆண்டில் ஒன்றியத்தின் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. புயல் போன்ற அசாதாரணக் காரணங்களுக்கு அங்கும் விலக்கு உண்டு. அந்த ஈட்டுக்கு இரசீது வேண்டாம். இழந்த நேரமே சான்று. பாரிசில் நிற்பவன் நேரத்துக்கு ஒரு விலை, திருச்சியில் நிற்பவன் நேரத்துக்கு ஒரு பொட்டலம் உப்புமாவா?

எதிர்வாதம் சொல்பவருக்கு

"மலிவுக் கட்டணத்தில் பறக்க வேண்டும், ஈடும் வேண்டும் என்றால் எப்படி? கட்டணம் ஏறிவிடுமே!" என்பார் சிலர். நேர்மையான கேள்வி, பதில் சொல்லியாக வேண்டும். இப்போது தாமதத்துக்கு விலை இல்லாமல் இல்லை. விலை இருக்கிறது, அதைக் கட்டுவது பயணி. நூறு பேர் கட்டணத்தில் சில ரூபாய் ஏறி எல்லாரும் பகிர்ந்துகொள்வது நல்லதா, அல்லது நூறில் ஒருவன் தலையில் மட்டும் முழுப்பாரமும் விழுந்து அவன் குடும்பம் கடனில் மூழ்குவது நல்லதா? காப்பீடு என்னும் தத்துவமே பாரத்தைப் பகிர்வதுதானே! தவறினால் பணம் தர வேண்டும் என்ற நிலை வந்தால்தான் இடைவெளியை இரண்டு நிமிடம் கூட்டி வைக்கவும், ஓர் ஆளைக் கூடுதலாக அமர்த்தவும் நிறுவனத்துக்கு மனம் வரும்.

"இயந்திரங்களைப் பெருக்கினால் தீர்ந்துவிடும்" என்பார் வேறு சிலர். இயந்திரம் வேண்டும், ஆனால் இயந்திரத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதை டென்வரும் இலண்டனும் காட்டிவிட்டன. அமெரிக்காவின் டென்வர் விமான நிலையம், தானாகப் பெட்டிகளைப் பிரிக்கும் அமைப்பு ஒழுங்காக வேலை செய்யாததால் பதினாறு மாதம் தாமதமாக 1995 பிப்ரவரியில்தான் திறந்தது. 2005இல் அந்த அமைப்பையே கைவிட்டார்கள். இலண்டன் ஹீத்ரோவின் ஐந்தாம் முனையம் 2008 மார்ச் 27இல் திறந்தபோது பெட்டிகள் குழம்பி, சில நாள்களில் 28,000க்கும் மேற்பட்டவை தேங்கின. பட்டையின் ஓரத்தில் நின்று பெட்டி தூக்கும் தொழிலாளிக்குப் போதிய பயிற்சியும் ஓய்வும் கூலியும் தராமல், பட்டையை மட்டும் புதிதாக்கிப் பயனில்லை. பெட்டி தவறினால் அவரைத் திட்டுவது எளிது. அவரும் நம்மைப் போன்ற ஒரு வீட்டுப் பிள்ளைதான்.

செய்ய வேண்டுவன

முதலாவதாக, பெட்டி வராதவன் நிரப்பும் படிவமும், அவனுக்குள்ள உரிமைகளும் கெடு நாள்களும் அடங்கிய ஒரு பக்கத் தாளும், தமிழ்நாட்டுப் பயணிகள் ஏறும் இறங்கும் இடங்களில் தமிழில் தரப்பட வேண்டும். கையெழுத்து வாங்கும்போதே அந்தத் தாளைக் கையில் கொடுக்க வேண்டும். டிக்கெட் விற்கத் தமிழில் விளம்பரம் செய்ய முடிகிறவர்களுக்கு இது முடியாத செயலன்று.

இரண்டாவதாக, நிறுவனத்தின் கையில் இருந்த காரணத்தால் நேர்ந்த நீண்ட தாமதத்துக்கு, இரசீது கேட்காத நிலையான ஈடு நம் விதியிலும் இடம்பெற வேண்டும். பெட்டி தாமதமானால் முதல் நாளே மாற்றுத் துணிக்கும் அவசரத் தேவைக்கும் ஒரு தொகை கையில் தரப்பட வேண்டும்.

மூன்றாவதாக, வேலைக்கு வெளிநாடு செல்வோருக்கு அரசு நடத்தும் புறப்பாட்டுக்கு முந்தைய பயிற்சியில் இதற்கென ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். சான்றிதழ்களும் மருந்தும் ஒரு மாற்றுடையும் கைப்பையில் இருக்க வேண்டும். பெட்டிக்குள்ளேயும் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய தாள் இருக்க வேண்டும். இரண்டு பயணமும் ஒரே டிக்கெட்டில் இருக்கிறதா என்று ஏஜெண்டிடம் கேட்க வேண்டும். ஒரே டிக்கெட்டானால் கடைசி ஊர்வரை கொண்டு சேர்ப்பது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி டிக்கெட்டானால் முதல் விமானத்தின் தாமதத்துக்கு இரண்டாம் நிறுவனம் பொறுப்பேற்காது. பெட்டி வராவிட்டால் நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே பி.ஐ.ஆர். எனப்படும் புகார்ப் படிவத்தின் படியை வாங்கிக்கொள்ள வேண்டும். இவை ஒரு மணி நேரப் பாடம். ஒரு குடும்பத்தின் ஓராண்டைக் காப்பாற்றும் பாடம்.

நான்காவது, நாமே செய்யக்கூடியது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி, வழக்காடுபவர் தாம் வாழும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம்; சென்னைக்கோ டெல்லிக்கோ ஓட வேண்டுவதில்லை. கொடுத்த கட்டணம் ஐந்து இலட்சம் ரூபாய்க்குள் இருந்தால் வழக்குக் கட்டணமும் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்திலும் முறையிடலாம். இவற்றை அறிந்துகொள்ள வழக்கறிஞராக வேண்டியதில்லை. பள்ளிப் படிப்பைத் தாண்டியவர் எவரும் அறியலாம். நம் கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கிறது. முகாமுக்குச் செல்லும் கிராமத்தில் சாலை போடுகிறோம், மரம் நடுகிறோம்; நல்லதுதான். அதனுடன் மாலையில் ஒரு மணி நேரம், வெளிநாடு செல்லக் காத்திருக்கும் இளைஞர்களைக் கூட்டி வைத்து இந்தக் கெடு நாள்களைச் சொன்னால் என்ன? யாருடைய பெட்டியாவது வராமற்போனால், அவர் சார்பில் அந்த ஒரு கடிதத்தை நாம் எழுதிக் கொடுத்தால் என்ன?

நண்பர்களே! நம் பெற்றோர் ஆங்கிலத் தாள் எதிலும் கேள்வி கேட்காமல் கைநாட்டு வைத்தார்கள். அது அவர்கள் குற்றமன்று. படிக்கவிடாத காலத்தின் குற்றம். நாம் படித்துவிட்டோம். தாளை வாங்கியதும் முதலில் படித்துப் பார்ப்பதும், கெடு தாண்டும் முன் எழுதிக் கேட்பதும் பட்டம் பெறுமுன்னே நாம் செய்யத்தக்க பணி. வரும் முகாமிலேயே தொடங்குவோம். கடிதம் எழுதும் முதல் ஆளாக என் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.